சுமங்கலியும் சின்னத்திரையும்

அமராவதி ஆற்றின் பழைய ராஜவாய்க்கால்களுள் ஒன்று தன் பெயரைத் தாங்கி ஓடும் கொமரலிங்கம், நெல்லாலும் தென்னையாலும் வாழும் வேளாண் ஊராக இருப்பினும், 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது மடத்துக்குளம் வட்டத்தோடு அதனுள் சேர்ந்ததால், பின்னலாடைத் தொழில் வட்டாரத்தின் தென்கோடி ஊர்களுள் ஒன்றாகவும் ஆயிற்று. நாற்று நடவும் களையெடுப்பும் பெண்களின் கையிலிருந்த இவ்வூர்ப் பக்கத்தில், பின்னர் நூற்பாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் பெண்கள் போகத் தொடங்கிய காலமும், வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்து சேர்ந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. அப்படியிருந்தும், மாலைதோறும் திரையில் வந்த பெண் மனைவியாகவும் தாயாகவும் இருந்த அளவுக்குக் கூலி வாங்குபவளாக இருந்ததில்லை.

ஒரு கதையை இரவுக்கு இரவு தொடர்ந்து கேட்கும் வழக்கம் கொங்கு நாட்டுக்குத் தொலைக்காட்சி கொண்டுவந்ததன்று. பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தாரின் வரலாறாகிய அண்ணன்மார் கதை, உடுக்கை அடித்துப் பாடப்படும் உடுக்கடிப் பாட்டாகப் பல இரவுகள் நீண்டு இவ்வட்டாரமெங்கும் பாடப்பட்டு வந்தது. 1960களில் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் அதனை முழுமையாகப் பதிவு செய்தார். வீரர்களின் கதையாகவே அது அறியப்பட்டாலும், அதன் முற்பகுதியைச் சுமப்பவள் அவர்களுடைய தாய் தாமரை. பிள்ளையில்லாதவள் என்ற பழியைத் தாங்கி, அருந்தவம் இயற்றி, அதன் பயனாக மக்களைப் பெறுகிறாள். மனைவியாகத் துன்புற்றுத் தாயாக உயர்தல் என்னும் இவ்வமைப்பு, கேட்போருக்கு அவர்கள் வீட்டுச் சடங்குகளிலும் பழகியதாகவே இருந்தது. கொங்கு வேளாளரிடையே மணமான பெண்ணுக்குச் செய்யப்படும் எழுதிங்கள் சீர் என்னும் சடங்கு முடிந்த பிறகே அவள் பிறர் வீட்டு மங்கல காரியங்களில் முழு உரிமையோடு முன்னிற்கலாம் என்ற வழக்கத்தை இங்கு நினைத்துப் பார்க்கலாம். எனினும் உடுக்கடிப் பாட்டுக்கு ஒரு முடிவு உண்டு. தாமரையின் தவம் பலித்ததும் கதை அவளைத் தாண்டி நகர்ந்துவிடும். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், பின்னால் வந்தவற்றைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல்.

தொலைக்காட்சித் தொடரின் பிறப்பிடம் 1930களின் அமெரிக்க வானொலி. பகலில் வீட்டில் இருக்கும் குடும்பப் பெண்களுக்கென்று எழுதப்பட்ட அன்றாட நாடகங்களுக்குச் சோப்பு நிறுவனங்கள் பணம் கொடுத்தமையால், அவ்வகை நாடகத்துக்கே ஆங்கிலத்தில் சோப்பின் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குத் தேவையான பொருளை வாங்க முடிவெடுப்பவள் யாரோ அவளையே கதையின் நடுவில் நிறுத்துவது விளம்பரதாரருக்கு உகந்தது. மெக்சிகோவில் மிகேல் சபிதோ என்பவர் இவ்வடிவத்தை 1970களில் எழுத்தறிவு, குடும்பக்கட்டுப்பாடு ஆகிய சமூக நோக்கங்களுக்குத் திருப்பினார். அதைப் பின்பற்றியே 1984இல் தூர்தர்ஷனின் ‘ஹம் லோக்’ தொடர் தொடங்கியது. அதில் வரும் பாகவந்தி என்னும் தாய், கணவனின் குடியையும் மாமியாரின் ஏச்சையும் வாய்திறவாமல் பொறுப்பவளாக, இப்படி இருக்கலாகாது என்று காட்டும் நோக்கத்தோடு படைக்கப்பட்டாள். ஆனால் அத்தொடரை ஆராய்ந்த அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகியோர் கண்டது, பார்வையாளருள் கணிசமானோர் அவளையே பின்பற்றத்தக்க முன்மாதிரியாக எடுத்துக்கொண்டனர் என்பதை. சீர்திருத்த நோக்கம் நல்லதாக இருந்தும், துன்பத்தை நெடுநேரம் அருகிலிருந்து காட்டும்போது அது பெருமையாக மாறிவிடுகிறது என்ற பாடம் அன்றே கிடைத்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

1975 ஆகஸ்டு 15இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தின் ஒளிபரப்பு, கொடைக்கானல் மலைமீது உயர்சக்தி நிலையம் அமைந்த 1980களின் பிற்பகுதியில்தான் தெற்கு மாவட்டங்களைப் பரவலாக எட்டியது. அக்காலத் தொடர்கள் வாரம் ஒருமுறை வந்து, பெரும்பாலும் பதின்மூன்று வாரங்களில் முடிந்துவிடும். சுஹாசினி மணிரத்னம் 1991இல் இயக்கிய ‘பெண்’ அதனினும் சிறியது. ஒவ்வொரு வாரமும் வெவ்வேறு நடிகையரைக் கொண்டு ஒவ்வொரு பெண்ணின் கதையை முழுமையாகச் சொல்லி முடித்தது. முடிவுள்ள கதையில் பெண் ஒரு முடிவெடுக்க முடியும், எடுத்த முடிவோடு கதை நின்றுவிடவும் முடியும். தமிழ்ச் சின்னத்திரை பெண்ணுக்குக் கொடுத்த இடங்களுள் அது நேர்மையான ஒன்று.

1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தொடங்கியதும், 1990களின் இறுதியில் நாள்தொடர் நிலைபெற்றதும் இந்த வாய்ப்பைப் பெரிதும் குறைத்தன. வாரத்தில் ஐந்து நாள், ஆண்டுக்கணக்கில் ஓடவேண்டிய கதையில் எந்தச் சிக்கலும் தீர்ந்துபோகக் கூடாது; தீர்ந்தால் மறுநாள் விளம்பரத்துக்கு இடமில்லை. ஆகவே பொறுமை என்பது மனைவிக்குரிய பழைய இலக்கணமாக மட்டுமன்றி, தொடரை ஓட்டும் எந்திரமாகவும் ஆயிற்று. 1999 இறுதியில் நடிகை ராதிகாவின் நிறுவனம் தயாரித்து அவரே நடித்த ‘சித்தி’, நாட்டுப்புறக் கதைகளில் கொடுமைக்காரியாகவே வந்த மாற்றாந்தாயை அன்புள்ளவளாக்கி ஒரு சொல்லின் களங்கத்தைத் துடைத்தது. அதைக் குறைத்து மதிப்பிடலாகாது. 2002இல் வந்த திருமுருகனின் ‘மெட்டி ஒலி’, தாயில்லாத ஐந்து பெண்களை வளர்த்த தந்தை ஒவ்வொருத்தியின் புகுந்த வீட்டிலும் தலைகுனிய நேர்வதைக் காட்டியது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டின் அச்சத்தை இத்தனை நுணுக்கமாகக் காட்டிய கதை தமிழில் குறைவு. வரதட்சணை என்ற சொல்லைவிடச் சீர் என்ற சொல்லே அதிகம் புழங்கும் ஊர்களில் அது தம் வீட்டுக் கதையாகவே பார்க்கப்பட்டிருக்கும்.

2003 முதல் 2009 வரை 1500க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடிய திருச்செல்வத்தின் ‘கோலங்கள்’ இன்னும் ஒரு படி சென்றது. அதன் நாயகி அபி கட்டட நிறுவனம் நடத்துபவள். கைவிட்ட கணவனை விவாகரத்து செய்தவள். ஆனால் அவள் சம்பாதித்த பணம் திரையில் தம்பி தங்கையருக்குச் செய்த கடமையாக மட்டுமே எண்ணப்படும். தன் உழைப்பின் ஊதியத்தை அவள் தனக்கென்று வைத்துக்கொள்ளும் காட்சி அரிது. மனைவி என்ற நிலையை இழந்த பெண்ணைக் கதை தாயின் நிலைக்கு உயர்த்தியே ஏற்றுக்கொண்டது. உழைப்பு, தியாகத்தின் மறுபெயராக மாறிய பின்னரே நாயகிக்கு உரியதாயிற்று.

இத்தொடர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2006 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கி, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. கேபிள் தொலைக்காட்சியின் விளைவு தீயது என்று மட்டும் முடிவுகட்டுவதும் பொருந்தாது. 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உட்பட இந்தியாவின் ஐந்து பகுதிகளில் 180 ஊர்களில் திரட்டிய தரவுகளைக் கொண்டு ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, கேபிள் வந்த ஊர்களில் மனைவியை அடிப்பது சரியே என்று சொல்லும் பெண்கள் குறைந்ததாகவும் ஆண்குழந்தை வேட்கை தணிந்ததாகவும் கூறியது. அதே தரவுகளை மறுபடி சோதித்த வேறு ஆய்வாளர்கள் இம்முடிவுகளின் உறுதியை ஐயுற்றனர். எனினும் நகரத்துப் பெண் தனியாக வெளியே செல்வதையும் வாகனம் ஓட்டுவதையும் அன்றாடம் காண்பது ஒன்றும் செய்யாமல் போகாது.

இதே ஆண்டுகளில்தான் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று பெயர்பெற்ற வேலைமுறை பரவியது. மணமாகாத இளம்பெண்களை ஆலை விடுதியில் தங்கவைத்து மூன்றாண்டு வேலை வாங்கி, இறுதியில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரையிலான தொகையைத் திருமணச் செலவுக்கென்று கொடுப்பதாக வாக்களிப்பதே இதன் சாரம். 2011இல் நெதர்லாந்து நாட்டு ஆய்வமைப்புகள் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு இது உலகெங்கும் பேசப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் உடல்நலம் கெட்டு வெளியேறியவர்கள் தொகையை இழந்தனர். கணவன் உயிரோடிருக்கும் மங்கலப் பெண்ணைக் குறிக்கும் சுமங்கலி என்ற சொல்லை இன்னும் மணமே ஆகாத தொழிலாளிக்குச் சூட்டியதில், அவளுடைய இன்றைய உழைப்பை நாளைய தாலிக்கு முன்பணமாக மாற்றும் கணக்கு அடங்கியிருந்தது. கூலியைக் கூலி என்று சொல்லாமல் குடும்பக் கடமை என்று சொல்லுதல் என்னும் அளவில், ஆள்சேர்ப்புக்கு ஆலை கொடுத்த துண்டறிக்கையும் மாலைநேரத் தொடரும் ஒரே மொழியைப் பேசின. இது மிகையான ஒப்பீடு அன்று.

அண்மைக் காலத் தொடர்கள் மாறியிருக்கின்றன. வங்காளத் தொடரான ‘ஸ்ரீமயி’யைத் தழுவி 2020இல் விஜய் தொலைக்காட்சியில் வந்த ‘பாக்கியலட்சுமி’யில், கணவன் இகழ்ந்த இல்லத்தரசி மசாலாத் தொழில் தொடங்கிச் சொந்தக் காலில் நிற்கிறாள், ஆனால் தொழில் அவளுடைய சமையலிலிருந்தே பிறக்கிறது, பொருளின் பெயரும் மாமியாருடையதாகவே இருக்கிறது. 2022இல் வந்த ‘எதிர்நீச்சல்’, படித்த மருமகள்களை வேலைக்கு விடாத கூட்டுக்குடும்பத்தின் வன்முறையை நேராகவே கண்டித்தது. 2023இல் தொடங்கிய ‘சிங்கப்பெண்ணே’ ஆயத்த ஆடை நிறுவனமொன்றில் வேலை செய்யும் கிராமத்துப் பெண்ணை நாயகியாக்கியது. தையல் எந்திரத்தின் முன் ஒரு நாயகியை அமர்த்தியதற்காகவே அத்தொடர் கவனிக்கத்தக்கது. எனினும் அவளுடைய நிறுவனம் திருப்பூரில் அன்றிச் சென்னையில் இருக்கிறது, தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்னும் பீஸ் ரேட் கூலிக் கணக்கைவிட முதலாளியும் சக தொழிலாளியும் அவள்மீது கொள்ளும் காதலே கதையை நடத்துகிறது.

திருப்பூர்க் கம்பெனிகளில் காலை எட்டரைக்குத் தொடங்கும் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை ஆகும். பெருவாரியானோர் பார்க்கும் தொடர்கள் ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் வருகின்றன. ஆகவே அந்நேரத்தின் முதற்பாதியில் பெட்டியின் முன் இருப்பவர்கள் பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிமார்களே. பவர்டேபிள் என்னும் தையல் எந்திரத்திலும் ஆடைகளைச் சரிபார்க்கும் செக்கிங் மேசையிலும் வேலை செய்துவிட்டுக் கம்பெனி வண்டியில் திரும்பும் தாய், விட்டுப்போன கதையைத் தன் மாமியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டே அடுப்பைப் பற்றவைக்கிறாள்.