கான்பூர் குப்பையிலிருந்து எழுந்த லிபரேட்டர்கள்

திருநெல்வேலியிலிருந்து மதுரை நெடுஞ்சாலையில் வடக்கே போகிறவர்களுக்குக் கயத்தாறு என்றதும் கட்டபொம்மன் நினைவுக்கு வருவார், அடுத்தபடியாகக் காற்றாலைகள். அந்த ஊரில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருப்பதும் நம் பக்கத்தில் பலருக்குத் தெரிந்த சங்கதிதான். உளுந்தூர்ப்பேட்டை, சோழவரம் என்று தமிழ்நாட்டில் அதற்குக் கூட்டாளிகளும் உண்டு. போர் முடிந்தபின் ஓடுதளங்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. போரில் பறந்த விமானங்கள் என்னவாயின? அவற்றில் ஒரே ஒரு வகையைப் பின்தொடர்ந்து போனால், கதை ஒரு கார் கம்பெனியைத் தொட்டு, யாழ்ப்பாணம், கான்பூர், பெங்களூரு என்று சுற்றி, மறுபடி அமெரிக்காவில் போய் நிற்கிறது.

அந்த வகை பி-24 லிபரேட்டர். நான்கு எஞ்சின் பூட்டிய குண்டுவீச்சு விமானம். சான் டியாகோவில் இருந்த கன்சாலிடேட்டட் நிறுவனம் வடிவமைத்தது. 1939 டிசம்பர் 29 அன்று முதன்முதலாகப் பறந்தது. டேவிட் டேவிஸ் என்பவர் தனியாளாக உருவாக்கிக் கொண்டுவந்த ஒல்லியான, நீண்ட இறக்கை அதற்கு வாய்த்தது. அந்த இறக்கையின் தயவால் லிபரேட்டர் வெகுதூரம் போய்த் திரும்பும். காரைச் செய்கிற மாதிரியே இதையும் செய்துவிடலாம் என்று ஃபோர்டு கம்பெனி துணிந்து, மிச்சிகனில் வில்லோ ரன் என்ற பிரம்மாண்டமான ஆலையைக் கட்டியது. தொடக்கத்தில் தடுமாறிய அந்த ஆலையிலிருந்து உச்சக்கட்டத்தில் மணிக்கு ஒரு விமானம் வெளியே வந்தது. எல்லா ஆலைகளிலும் சேர்த்துப் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட லிபரேட்டர்கள் உருவாயின.

1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. மன்னார் வளைகுடாவுக்கு இந்தக் கரையில் இருந்த நெல்லைச் சீமைக்குப் போர் பக்கத்து வீட்டுக்கே வந்துவிட்டது. இந்தியப் பெருங்கடலைக் கண்காணிக்க நெடுந்தூர விமானம் வேண்டும். லிபரேட்டர் இங்கே வந்த காரணம் அதுதான். பிரிட்டிஷ் விமானப்படையின் 160ஆம் ஸ்குவாட்ரன் சிகிரியா, காங்கேசன்துறை, மின்னேரியா என இலங்கையில் தளம் மாறி மாறி இயங்கியது. 1945இல் அந்த விமானங்கள் சிங்கப்பூர்த் துறைமுகம்வரை போய்க் கடற்கண்ணிகளைப் போட்டுவிட்டு, இருபது மணி நேரத்துக்கும் மேல் வானிலேயே இருந்து திரும்பின.

பிறகு சமாதானம் வந்தது. அமெரிக்கா இவற்றை பிரிட்டனுக்குக் கடன்-குத்தகை ஏற்பாட்டில் கொடுத்திருந்தது. போர் முடிந்தால் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் அழித்துவிட வேண்டும். எனவே கான்பூரின் சக்கேரி தளத்தில் லிபரேட்டர்களை வரிசையாக நிறுத்தி, உடம்பில் புல்டோசரால் இடித்து ஓட்டை போட்டார்கள், கருவிகளை நொறுக்கினார்கள், எஞ்சின்களுக்குள் மணலைக் கொட்டினார்கள். இனி இவை ஒருநாளும் பறக்காது என்ற நிம்மதியோடு கிளம்பிப் போனார்கள்.

விடுதலை பெற்ற இந்தியாவின் விமானப்படையிடம் அப்போது கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. கான்பூர்க் குப்பையின் மேல் கண் விழுந்தது. வேலையை ஏற்றது பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம். அந்த நிறுவனம் பிறந்ததே ஒரு தற்செயல்தான். தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் பயணம் ஒன்றில் அமெரிக்க விமான வியாபாரி வில்லியம் பாலியைச் சந்தித்துப் பேசியதில் முளைத்த யோசனை, 1940 டிசம்பரில் மைசூர் அரசின் துணையோடு ஆலையாக எழுந்தது. போரின்போது அமெரிக்க ராணுவம் அதைத் தன் பழுதுபார்க்கும் பட்டறையாக்கிக்கொண்டது. கேடலினா என்ற கடல் விமானங்கள் பெல்லந்தூர் ஏரியில் இறங்கி, அங்கிருந்து ஆலைக்கு வந்தன. பெங்களூர்த் தொழிலாளர்கள் பெரிய விமானங்களின் குடலையும் குலையையும் படித்துத் தேறியது இப்படித்தான்.

அந்தப் படிப்பு கான்பூரில் கைகொடுத்தது. ஒன்றில் உடைந்ததை இன்னொன்றிலிருந்து கழற்றிப் பூட்டி, பறக்கிற அளவுக்கு மட்டும் ஒட்டுப்போட்டார்கள். முழுச் சீரமைப்பு பெங்களூரில்தான் நடந்தாக வேண்டும். அதற்கு யாராவது அவற்றை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். சோதனை விமானி ஜம்ஷெட் கைகோபாத் முன்ஷி ஓட்டினார். ஒன்றிரண்டு அல்ல, 42 விமானங்களை, சுமார் 1,500 கிலோமீட்டர் தூரத்துக்கு. எஞ்சினுக்குள் மணல் கொட்டப்பட்டது தெரிந்தும் அதில் ஏறி உட்கார்ந்த மனிதரை எத்தனை பாராட்டினாலும் தகும்! 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5ஆம் ஸ்குவாட்ரன் இந்த லிபரேட்டர்களோடு தொடங்கியது. பின்னர் 6ஆம் ஸ்குவாட்ரன் அவற்றைக் கொண்டு கடலைக் காவல் காத்தது. சாகடித்துவிட்டுப் போன விமானங்கள் 1968வரை, இருபது ஆண்டு, வேலை செய்தன.

இதற்குள் வேறொரு வேடிக்கை நடந்திருந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் போர் முடிந்த கையோடு லிபரேட்டர்களை உருக்கி அலுமினியமாக்கிவிட்டார்கள். பழைய விமானங்களைத் தேடிச் சேர்க்கும் ஆர்வம் அங்கே பிறந்தபோது, தேடிய பொருள் இந்தியாவில்தான் இருந்தது. ஒட்டாவா அருங்காட்சியகத்துக்கு ஒன்று, அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்துக்கு ஒன்று, பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஒன்று, ஃப்ளோரிடாவில் தனியார் சேகரிப்புக்கு ஒன்று என்று கிளம்பின. இன்னொன்றை 1980களின் தொடக்கத்தில் டக் ஆர்னால்டு என்ற பிரிட்டிஷ் சேகரிப்பாளர் வாங்கிப் பிரித்துக் கொண்டுபோனார். அவரிடமிருந்து அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை 1984இல் வாங்கியது. சுமார் 97,000 மணி நேர உழைப்புக்குப் பின் 1989இல் அது மீண்டும் பறந்தது. உலகில் மிஞ்சிய லிபரேட்டர்களில் ஏறக்குறையப் பாதி, பெங்களூர் மெக்கானிக்குகள் கைபட்டுப் பிழைத்தவை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. காலிங்ஸ் விமானம் முதலில் 'ஆல் அமெரிக்கன்', அடுத்து 'தி டிராகன் அண்ட் ஹிஸ் டெய்ல்', பிறகு 'விட்ச்கிராஃப்ட்' என்று வெவ்வேறு அமெரிக்கப் போர் விமானங்களின் பெயரையும் வண்ணத்தையும் அணிந்து பறந்தது. இறந்த வீரர்களை நினைக்க அது நல்ல வழிதான். ஆனால் அதே உடம்பு இந்தியாவில் கழித்த இருபது ஆண்டுகளுக்கு அந்த வண்ணங்களில் இடம் கிடைக்கவில்லை. மணலைக் கழுவி எஞ்சினை ஓடவைத்தவர்களுக்கும் அதில் பங்கு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வேடம் கட்டும் வழக்கம் நம்மிடமும் வந்துவிட்டது. அயர்லாந்தில் உடைத்து விற்கும் நிலையில் இருந்த டகோட்டா என்ற பழைய போக்குவரத்து விமானம் ஒன்றை, அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் வாங்கினார். அவர் தந்தை டகோட்டா விமானி. பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்ட அந்த விமானம் 2018இல் பறந்தே இந்தியா வந்து, விமானப்படையின் பழைய விமானங்களுக்கான பிரிவில் சேர்ந்தது. காஷ்மீர்ப் போரின்போது 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் முதலில் படையை இறக்கிய டகோட்டாவின் எண் விபி 905. அந்த எண்ணைத்தான் இதன் வாலில் எழுதியிருக்கிறார்கள். லிபரேட்டரை அதன் இந்தியக் கோலத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் டெல்லியின் பாலம் பகுதியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அங்கே ஒன்று நிற்கிறது.