பந்தியும் பாயும்: சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஒரு நெசவு வரலாறு

சேரன்மகாதேவி என்றதும் நம்மவர்களுக்கு உடனே ஞாபகம் வருவது குருகுலம்தான். வ.வே.சு. ஐயர் அங்கு நடத்திய தமிழ்க் குருகுலம், பிராமணப் பையன்கள் இருவர் தனியே சாப்பிட்டது, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்தது, 1925 ஜூனில் ஐயர் பாபநாசத்து அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் இறந்தது, அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறியது. இந்த வரிசை நமக்கு மனப்பாடம். 2025இல் அதற்கு நூறு ஆண்டும் நிறைந்துவிட்டது. யார் யாரோடு உட்கார்ந்தார், யார் தள்ளி உட்கார்ந்தார் என்பது நம் அரசியலின் அடிப்படையான கேள்வி. அதில் சந்தேகமில்லை. ஆனால் உட்காருவதற்கென்று ஒன்றை யாரோ ஒருத்தி நெய்கிறாள், இல்லியா? அவளைப் பற்றி இந்த வரலாறு எதுவும் கேட்டதில்லை. சேரன்மகாதேவிக்குக் கிழக்கே அடுத்த ஊர் பத்தமடை. பாய்க்குப் பேர்போன ஊர். பந்தியைப் பற்றி இவ்வளவு பேசிய நாம் பாயைப் பற்றி ஏன் பேசவில்லை என்பதிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

முதலில் ஒரு சாதாரண விஷயம். பத்தமடையில் நடப்பது நெசவு. பின்னல் அல்ல, முடைதல் அல்ல. பாவு உண்டு, ஊடை உண்டு, அச்சு உண்டு, தறி உண்டு. பாவு பருத்தி நூல், ஊடை கோரை. தாமிரபரணிக் கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் விளைகிற கோரையைப் பச்சையாகவே அறுத்து, நீளவாக்கில் கிழித்து, உள்ளே தக்கை மாதிரி இருப்பதை நீக்கி, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, பின்பு சாயம் ஏற்றுகிறார்கள். முன்பு சிவப்புக்குச் சப்பங்கிக் கட்டை. பிறகு கடைச் சாயம். கிழிப்பு எவ்வளவு மெல்லிசோ பாய் அவ்வளவு நயம். மிக மெல்லிய கோரையில் நெய்வதைத்தான் பட்டுப்பாய் என்கிறார்கள். சேலை மாதிரி மடிக்கலாம். ஒன்று முடிய வாரங்கள் ஆகும், சிலசமயம் மாதங்கள்.

தறி தரையிலேயே கிடக்கிறது. நாலு முளை, அவற்றோடு கட்டிய இரண்டு மூங்கில் கழி, நடுவே இழுத்துக் கட்டிய பாவு, அதைத் தூக்கிப் பிடிக்க முக்காலி போல ஒரு மூங்கில் கட்டு. துளையிட்ட மரச்சட்டம்தான் அச்சு. அதை மேலும் கீழும் சாய்த்தால் பாவு பிரிகிறது. தன் பக்கம் இழுத்து அடித்தால் ஊடை நெருங்குகிறது. மிதி கிடையாது. நாடாவும் கிடையாது. நீளக் குச்சியில் கோரையை மாட்டி ஒவ்வொன்றாக நுழைக்கவேண்டும்.

சேரன்மகாதேவிக்கு மேற்கே வீரவநல்லூர். அங்கே சௌராஷ்டிரர்களின் குழித்தறி. செடிபுட்டா சேலை அந்த ஊருக்கு உரியது. குழித்தறியில் நெசவாளர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்கிறார். கை நாடாவை ஓட்டுகிறது. நெய்த துணி அவர் மடிக்கு முன்னால் உருளையில் சுருள்கிறது. அதாவது துணி அவரை நோக்கி வருகிறது. பாய்த்தறியில் இது தலைகீழ். பாய் நகராது. நெய்கிறவள்தான் குந்தியபடியே பாயின்மேல் நகர்ந்து நகர்ந்து முன்னே போகவேண்டும். ஒரு பாயை முடித்தவள் அந்தப் பாயின் முழு நீளத்தையும் இடுப்பாலும் முழங்காலாலும் அளந்திருப்பாள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசுக்காக ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் சேலத்தில் நெசவுச் சாலை வைத்து, கயிறிழுத்து ஓடும் நாடாவைப் பரப்பப் பாடுபட்டார். அந்த நாடா மெல்ல மெல்லத் துணித்தறிகளுக்கு வந்தது, ஒரு நாளில் நெய்யும் கஜம் கூடியது. கோரை ஊடைக்கு அப்படி ஒரு நாடா வரவில்லை. தறி பற்றிய சீர்திருத்தப் பேச்சு முழுக்கத் துணியைப் பற்றிய பேச்சாகவே இருந்தது.

இங்கேதான் 1925ஐ இன்னொரு பக்கமிருந்து பார்க்கவேண்டியிருக்கிறது. குருகுலச் சண்டை நடந்த அதே ஆண்டு செப்டம்பரில், பாட்னாவில், அகில இந்திய நூற்போர் சங்கம் உருவானது. சண்டையின் இரண்டு பக்கமும் கதர்க்காரர்கள்தான். பெரியாரே கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றவர். சங்கத்தின் பெயரைக் கவனியுங்கள்: நெய்வோர் அல்ல, நூற்போர். நூற்பது அறம், நூற்பது தேசம். நெசவு அதைத் தொடர்ந்து வரும் வேலை. இந்தச் சொல்லாடலுக்குள் பாய்க்கு இடமே இல்லை. காரணம் மிக எளிது. கோரையை நூற்க வேண்டியதில்லை. புல்லைக் கிழித்து அப்படியே ஊடையாகப் போடுகிறார்கள். ராட்டை இல்லாத நெசவு தேசத்துக்குக் கண்ணில் படாத நெசவாகிப் போனது. 1934இல் கதரல்லாத கிராமத் தொழில்களுக்கென்று காந்தி தனியாக ஒரு சங்கம் அமைத்தபோது கதரைச் சூரியனாகவும் மற்றத் தொழில்களைச் சுற்றிவரும் கோள்களாகவும் உவமித்தார். உவமை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எது மையம், எது சுற்று என்பதை அது முடிவு கட்டிவிட்டது.

அந்த உவமை பின்னால் சட்டமாகவே ஆனது. 1956ஆம் ஆண்டு கதர் கிராமத் தொழில் ஆணையச் சட்டம் கதர் என்றால் என்ன என்று வரையறுக்கிறது: இந்தியாவில் கையால் நூற்ற பருத்தி, பட்டு அல்லது கம்பளி நூலால் கைத்தறியில் நெய்த துணி. மூன்று இழைகள்தான். கம்பளி இங்கே உள்ளே வந்துவிட்டது. நம் திருநெல்வேலிச் சீமையில் கம்பளி நெசவு கிடையாது. காரணம் ஆட்டிலேயே இருக்கிறது. கீழக்கரிசல் ஆடும் வேம்பூர் ஆடும் மயிராடுகள். கத்தரித்து நூற்கிற ரோமம் அவற்றுக்கு இல்லை. கறிக்கும், வயலில் கிடைபோட்டு உரமேற்றவும்தான் வளர்த்தார்கள். நீலகிரி, கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆடுகளுக்கு ரோமம் உண்டு. கர்நாடகத்திலும் தக்காணத்திலும் குறும்பர் அந்த ரோமத்தில் கம்பளி நெய்து புளியங்கொட்டைக் கூழ் தடவி விறைப்பேற்றுவார்கள். குளிர் நாட்டுக்குக் கம்பளி, வெக்கை நாட்டுக்குப் பாய். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே காரியத்துக்குத்தான்: படுக்கிற உடம்புக்கும் தரைக்கும், உடம்புக்கும் காற்றுக்கும் நடுவே ஒரு நெசவு.

1985இல் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட சரக்குகளை விசைத்தறியில் நெய்யக்கூடாது, கைத்தறிக்கு மட்டுமே என்று ஒதுக்கியது. முதலில் 22 ரகங்கள். பிறகு 11 ஆகச் சுருங்கிவிட்டது. விசைத்தறி முதலாளிகள் வழக்குப் போட்டார்கள்; 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அந்த 11க்குள் சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் இருக்கின்றன. கம்பளியும், சால்வையும், கழுத்தில் சுற்றுகிற மஃப்ளரும் இருக்கின்றன. பாய் இல்லை. அதே சட்டம் கைத்தறி என்பதை விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் என்று விளக்குகிறது. அப்படியானால் பத்தமடைத் தறியும் கைத்தறிதானே? தறி கைத்தறி, ஆனால் அதில் நெய்வது ஒதுக்கப்பட்ட சரக்கு இல்லை. காவிரிக்கரையில் முசிறி, கரூர்ப் பக்கம் விசைத்தறியில் கோரைப்பாய் நெய்து குவித்தபோது அதைக் கேள்வி கேட்க ஒரு வரிகூடச் சட்டத்தில் இல்லாமல் போனது. பின்னாலேயே பிளாஸ்டிக் பாய் வந்து இரண்டையும் அடித்தது.

ஒதுக்கீட்டுச் சட்டம் துணி நெசவாளரை முழுசாகக் காப்பாற்றிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. வீரவநல்லூர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். சட்டம் ஏட்டில், சரக்கு லாரியில். ஆனாலும் துணி நெசவாளர் முறையிடுவதற்கு ஒரு சட்டம், ஒரு பட்டியல், ஒரு பெயர் இருக்கிறது. 1975க்குப் பின் மத்திய அரசில் கைத்தறிக்கு ஒரு வளர்ச்சி ஆணையர், கைவினைக்கு இன்னொரு ஆணையர். பத்தமடை கைவினைப் பக்கம் போயிற்று. கைத்தறி என்றால் தொழில், அதைச் செய்பவர் தொழிலாளர். கூலி, வேலைநாள், நூல் விலை என்று பேச்சு ஓடும். கைவினை என்றால் கலை, அதைச் செய்பவர் கலைஞர். விருது, கண்காட்சி, பாரம்பரியம் என்று பேச்சு மாறிவிடும். தொழிலாளி என்று சொல்லாமலிருப்பதற்குக் கலைஞர் என்று சொல்வதைவிட மரியாதையான வழி வேறில்லை.

பாய்க்கு மரியாதை குறையவேயில்லை என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. 1953இல் இங்கிலாந்து ராணியின் முடிசூட்டுக்குப் பத்தமடைப் பாய் போனது. 2012-13இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புவிசார் குறியீடு காப்பது பெயரை. இன்ன ஊர்ப் பாய் என்று வேறு ஊர்க்காரன் விற்கக்கூடாது. நெய்கிறவளுக்கு ஒரு முழத்துக்கு என்ன கூலி என்று அது கேட்காது. பட்டுப்பாயின் தொடக்கத்தை ஹசன் பாவா லெப்பை என்கிற ஓர் ஆணோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். இன்று தறியில் குந்தியிருப்பவர்கள் பெரும்பாலும் லெப்பைப் பெண்கள். தொடங்கிய பெயர் நிற்கிறது, தொடர்ந்த பெயர்கள் நிற்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பத்தமடைப் பாய் உண்டு. ஆச்சி கல்யாணத்துக்கு நெய்தது. ஓரத்தில் தாத்தா பேரும் ஆச்சி பேரும் நெசவிலேயே விழுந்திருக்கும். மரப்பெட்டிக்குள் சுருட்டி வைத்திருந்தாள். சின்ன வயசில் ஒருநாள் அதில் படுக்கப் போனேன். 'ஏலே, பட்டுப்பாயில போயி எவனாது படுப்பானால' என்று அதட்டினாள். சைவ வேளாளக் கல்யாணம். உட்காருவதற்கு முஸ்லிம் பெண் நெய்த பாய். அதில் யாருக்கும் தீட்டு தெரியவில்லை. தமிழ் எழுத்தைப் பாவில் எண்ணி எண்ணி, ஒரு இழைகூடத் தப்பாமல் இரண்டு பேரை எழுதியவளை அந்த வீட்டில் பந்தியில் உட்காரவைத்திருப்பார்களா என்றால், ஆச்சியைத் தெரிந்தவன் என்ற முறையில் எனக்குப் பதில் தெரியும். பாயை ஏற்கலாம், பந்தி வேறு. குருகுலத்தில் வெளிப்பட்டது இரண்டு பையன்களின் தட்டு மட்டுமல்ல. உழைப்பை ஏற்று, உழைத்தவரைத் தள்ளி வைக்கும் இந்தப் பழைய ஏற்பாடும்தான். ஒன்றை எதிர்த்தோம். இன்னொன்றைப் பார்க்கவில்லை.

ஆற்றோரத்து ஊர்களில் தறியைவிட்டு எழுந்த பெண்கள் போனது பீடிக்கு. முக்கூடல், மேலப்பாளையம், சுற்றுப்பட்டி எங்கும் மடியில் முறம். பீடி உடம்பைத் தின்கிற தொழில், புகையிலைத் தூசியை மூச்சாக இழுக்கிற தொழில். அதை யாரும் கொண்டாடவேண்டாம். ஆனால் 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுகிறவளையும் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது. தொழிற்சங்கங்கள் போராடி அவளுக்கு அட்டை, வருங்கால வைப்பு நிதி என்று சிலதை வாங்கின. அதே திண்ணையில், அதே பெண், பாய் நெய்தால் கலைஞர். பீடி சுற்றினால் தொழிலாளி. பெண்கள் பீடிக்குப் போனதை மரபின் வீழ்ச்சி என்று எழுதிப் புலம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அவர்கள் மரபைக் கைவிடவில்லை. பெயரில்லாத வேலையிலிருந்து பெயருள்ள வேலைக்குப் போனார்கள்.

பாய் துணியில்லையே, அதை எப்படி நெசவாளர் கணக்கில் சேர்ப்பது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எந்த இழை என்று பார்த்தால் சேர்க்க முடியாதுதான். ஆனால் பாவு இழுப்பது, அச்சடிப்பது, முதுகு வளைவது, கண் தேய்வது என்று வேலையைப் பார்த்தால் சேர்க்காமலிருக்க முடியாது. இழையை வைத்து எழுதிய நெசவு வரலாறு நமக்கு நிறைய இருக்கிறது. வேலையை வைத்து எழுதியது இனிமேல்தான் வரவேண்டும். அப்படி எழுதப் புகுகிறவர்கள் சேரன்மகாதேவிக்கு வந்தால் குருகுலம் இருந்த இடத்தைப் பார்த்ததோடு பஸ் ஏறிவிட வேண்டாம். கிழக்கே அடுத்த ஊரிலும் இறங்கலாம். அங்கே பாயின் ஓரத்தில் எப்போதும் இரண்டு பேர்கள்தான் இருக்கும். மூன்றாவது பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும்.