மழுங்கிய நட்டு அகற்றல்

மழுங்கிய நட்டு என்பது அறுகோண முனைகள் தேய்ந்து, ஸ்பேனர் பிடிக்க இயலாதவாறு உருண்டுவிட்ட நட்டு ஆகும். பட்டறை வழக்கில் இதனை "நட்டு ரவுண்டு ஆகிவிட்டது" என்றும் "ஸ்லிப் அடிக்கிறது" என்றும் கூறுவர். மகிழுந்துகளில் டைமிங் பெல்ட் மாற்றும் பணியின்போது இச்சிக்கல் பெரிதும் இடையூறு தருகிறது. அங்கு இடம் குறுகியது. நட்டுகள் பல ஆண்டுகள் கழற்றப்படாதவை. ரப்பர் பெல்ட், எண்ணெய் சீல், அலுமினிய உறுப்புகள் ஆகியன மிக அருகில் உள்ளன. எனவே வெளியிடத்தில் எளிதில் கையாளப்படும் வெட்டுதல், சூடேற்றுதல் போன்ற முறைகளை இங்கு அப்படியே பின்பற்ற இயலாது.

டைமிங் பெல்ட்டின் பணி

டைமிங் பெல்ட் என்பது உட்புறம் பற்கள் கொண்ட ரப்பர் பட்டை ஆகும். இது கிராங்கு தண்டின் சுழற்சியைக் கேம் தண்டுக்குக் கடத்துகிறது. நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்கு தண்டு இருமுறை சுழலும்போது கேம் தண்டு ஒருமுறை சுழலவேண்டும். இவ்விகிதம் ஒரு பல்லளவு பிறழ்ந்தாலும் வால்வுகள் திறந்து மூடும் நேரம் மாறிவிடும். பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட மகிழுந்துகளுள் இவ்வகைப் பெல்ட்டை முதலில் பயன்படுத்தியது செருமனியின் கிளாஸ் 1004 ஆகும் (1962).

பல எஞ்சின்களில் திறந்த வால்வும் மேலேறும் பிஸ்டனும் ஒரே இடத்திற்கு வெவ்வேறு நேரங்களில் வந்து செல்கின்றன. இத்தகைய எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வின் மீது மோதி அதனை வளைத்துவிடும். ஆகவே தயாரிப்பாளரின் கையேட்டில் குறித்த தொலைவில், பல வண்டிகளுக்கு 60,000 முதல் 1,00,000 கி.மீ. வரை, பெல்ட் மாற்றப்படவேண்டும். ஒரு நட்டு கழலவில்லை என்பதற்காக இப்பணியைக் கைவிட்டுப் பழைய பெல்ட்டுடன் வண்டியை ஓட்டுவது முழு எஞ்சினையும் பணயம் வைப்பதாகும்.

குறுக்குவாட்டில் எஞ்சின் அமைந்த வண்டிகள் பலவற்றில் பெல்ட் பக்கமுள்ள எஞ்சின் மவுண்ட்டைக் கழற்றினால்தான் பெல்ட்டை வெளியே எடுக்க இயலும். மழுங்கும் நட்டு பெரும்பாலும் இம்மவுண்ட்டிலோ டென்ஷனரிலோ இருக்கும்.

திருவள்ளூர் வட்டாரத்தில்

திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் மகிழுந்து தயாரிக்கப்பட்டது. இதன் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 2.0 லிட்டர் டீசல் எஞ்சின் ஆகிய இரண்டும் டைமிங் பெல்ட் கொண்டவை. அதே ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் தயாரிப்பு தொடங்கிய ஹூண்டாய் சான்ட்ரோவும் டைமிங் பெல்ட் உடையதே. இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை வளாகத்தில் பின்னர் சித்ரோயன் வண்டிகள் தயாரிக்கப்பட்டன. 2021-இல் விற்பனைக்கு வந்த சி5 ஏர்கிராஸ் அவற்றுள் முதலாவது ஆகும்.

இம்மாவட்டத்தின் வடகிழக்கில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. கிழக்கே பழவேற்காடு ஏரியும் வங்கக் கடலும் உள்ளன. உப்புக் காற்றும் வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் இரும்பு உறுப்புகளில் துருவை விரைவுபடுத்துவன. எஃகு நட்டும் அலுமினியத் தாங்கியும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் மின்வேதி அரிப்பும் நிகழும். இதனால் கடலோரப் பகுதியில் ஓடும் பழைய வண்டிகளில் மரைகள் இறுகிக் கிடக்கும் வாய்ப்பு மிகுதி.

மழுங்குவதற்கான காரணங்கள்

எதிர் முகங்களுக்கிடையே 14 மிமீ உள்ள அறுகோண நட்டில் எதிர் முனைகளுக்கிடையே ஏறத்தாழ 16.2 மிமீ இருக்கும். அதாவது ஒவ்வொரு முனையும் 1.1 மிமீ அளவே புடைத்து நிற்கிறது. இச்சிறு உலோகமே ஸ்பேனரின் முழு விசையையும் தாங்குகிறது. இது தேய்வதற்கான முதன்மைக் காரணங்கள் வருமாறு:

- அளவு மாறிய ஸ்பேனர். சப்பானிய வண்டிகளில் 10, 12, 14, 17 மிமீ நட்டுகள் மிகுதி. பழைய அங்குல ஸ்பேனர்களுள் 9/16 அங்குலம் 14.29 மிமீ ஆகும்; 11/16 அங்குலம் 17.46 மிமீ ஆகும். இவை 14, 17 மிமீ நட்டுகளில் நுழையும். ஆனால் முகத்தில் படியாமல் முனையை மட்டும் தொடும்.
- இருமுனைத் திறந்த ஸ்பேனர். இது இரண்டு முகங்களை மட்டுமே பற்றுவதால் வாய் விரிந்து நழுவும்.
- தேய்ந்த பன்னிரு முனை ரிங் ஸ்பேனர். இறுகிய நட்டுக்கு ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனரே ஏற்றது.
- சாய்வாகப் பிடித்தல். குறுகிய இடத்தில் பாக்ஸ் முழுவதும் அமராமல் பாதி நட்டின் மீதே விசை விழுகிறது.
- திசைக் குழப்பம். நட்டைப் பின்புறமிருந்து அணுகும்போது கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்கிவிடுதல்.

முதல் நழுவலிலேயே நிறுத்திக் காரணத்தை ஆராய்ந்தால் முனைகளின் பெரும்பகுதி எஞ்சியிருக்கும். அதே ஸ்பேனரால் இரண்டாம், மூன்றாம் முறை முயல்வதே பெரும்பாலான நட்டுகளை முற்றிலும் மழுங்கச் செய்கிறது.

முன்னேற்பாடுகள்

பேட்டரி இணைப்பைக் கழற்றவேண்டும். எஞ்சின் மவுண்ட்டைத் தொடுவதற்கு முன் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் மரப்பலகை வைத்து ஜாக்கி கொடுத்து எஞ்சினின் எடையைத் தாங்கவேண்டும். எடை மரையின் மீது தொங்கும் வரை நட்டு எளிதில் கழலாது. வண்டியே தூக்கப்பட்டிருப்பின் அது ஸ்டாண்டின் மீது நிற்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பலாகாது.

நட்டுக்கு வெளியே நீளும் மரையைக் கம்பித் தூரிகையால் துடைத்துத் துரு நீக்கும் எண்ணெய் இட்டுக் காத்திருக்கவேண்டும். இரவு முழுதும் ஊறவிடுவது நன்று. எண்ணெய் ஊறும்போது நட்டின் தலையில் சுத்தியலால் மெல்லத் தட்டினால் அது மரைக்குள் இறங்கும்.

அகற்றும் முறைகள்

சேதம் குறைந்த முறையிலிருந்து தொடங்கிப் படிப்படியாக அடுத்ததற்குச் செல்வது வழக்கம்.

1. சிறிய பாக்ஸை அடித்து ஏற்றல்: 14 மிமீ நட்டு மழுங்கியிருப்பின் 13 மிமீ ஆறு முனை பாக்ஸைச் சுத்தியலால் தட்டி இறுக்கமாக ஏற்றிப் பின் திருப்பப்படுகிறது.
2. அராவுதல்: எதிரெதிரான இரண்டு முகங்களை அரத்தால் அடுத்த சிறிய அளவுக்குத் தேய்த்து ஸ்பேனர் இடப்படுகிறது. நேரம் பிடிக்கும் முறையாயினும் அதிர்ச்சி இல்லாதது.
3. பூட்டும் குறடு: வைஸ் கிரிப் எனப்படும் இக்குறடு பக்கவாட்டில் இடம் இருந்தால் மட்டும் பயன்படும்.
4. எக்ஸ்ட்ராக்டர் பாக்ஸ்: இதன் உட்புறத்தில் சுருள் விளிம்புகள் உள்ளன. கழற்றும் திசையில் திருப்பத் திருப்ப இவை நட்டில் ஆழப் பதியும். நட்டு மீண்டும் பயன்படாது.
5. உளி: நட்டின் ஒரு முகத்தில் முனைக்கு அருகே உளியை வைத்துக் கழற்றும் திசையில் சாய்வாக அடிக்கப்படுகிறது.
6. நட்டுப் பிளப்பான்: ஒரு பக்கத்தில் கூர்முனையை அழுத்தி நட்டை வெடிக்கச் செய்யும் கருவி. உள்ளிருக்கும் மரைத்தண்டைத் தொடுமுன் நிறுத்தவேண்டும்.
7. வெல்டிங்: மழுங்கிய நட்டின் மீது புதிய நட்டு ஒன்றைப் பற்றவைத்து அதனைத் திருப்புதல். பற்றவைப்பின் வெப்பமே துருப் பிடிப்பைத் தளர்த்தவும் செய்கிறது.

வெப்பத்தின் பயன் உலோக விரிவில் உள்ளது. 10 மிமீ மரையுள்ள எஃகு நட்டு 200 பாகை கூடுதலாகச் சூடானால் அதன் துளை 0.024 மிமீ அளவே விரியும். ஆயினும் துருப் படலம் உடைய இதுவே போதுமானதாகலாம்.

தவிர்க்க வேண்டியவை

துரு நீக்கும் எண்ணெய் இட்ட இடத்தில் தீச்சுடரைக் காட்டலாகாது, அது தீப்பற்றும். பெட்ரோல் குழாய் அருகில் வெல்டிங் செய்யலாகாது. கழிக்கப்படும் பெல்ட் கருகினால் இழப்பில்லை. ஆனால் கேம், கிராங்கு தண்டுகளின் எண்ணெய் சீல் கருகினால் புதிய பெல்ட் விரைவில் எண்ணெயில் நனைந்து கெடும். பெல்ட் கழன்ற நிலையில் தண்டுகளைத் தன்னிச்சையாகச் சுழற்றினால் வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். உளி வேலையில் கண்ணாடி அணிவது கட்டாயம். நெம்புவிசைக்காகக் குழாய் செருகிய ஸ்பேனர் நழுவினால் கை கூரிய விளிம்புகளில் மோதும். எனவே கூடியவரை தன்னை நோக்கி இழுப்பதே பாதுகாப்பானது.

மீண்டும் பொருத்துதல்

மழுங்கிய நட்டைத் திரும்ப இடலாகாது. அதே மரையும் அதே வலிமை வகையும் உடைய புதிய நட்டு தேவை. போல்ட்டின் தலையில் 8.8 எனப் பொறித்திருந்தால் அதன் இழுவலிமை 800 மெகாபாசுகல், நெகிழ்வு எல்லை அதில் 0.8 பங்கான 640 மெகாபாசுகல் எனப் பொருள். மரைத்தண்டின் மரை டை கொண்டு சீர்செய்யப்படுகிறது. எண்ணெய் பட்ட இடங்கள் முழுவதும் துடைக்கப்படவேண்டும். ஏனெனில் எண்ணெய் ரப்பரை ஊதச் செய்யும்.

நேரக் குறிகளைச் சரிபார்த்துப் பெல்ட்டை ஏற்றியபின் கிராங்கு தண்டை அதன் இயல்பான திசையில் கையால் இருமுறை சுழற்றிக் குறிகள் மீண்டும் ஒன்றுகின்றனவா எனக் காணவேண்டும். இறுதியில் கையேட்டில் குறித்த முறுக்குவிசைக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கப்படுகிறது. அளவுக்கு மீறி இறுக்கிய நட்டே அடுத்த முறை மழுங்கும் நட்டு ஆகும்.

இவற்றையும் பார்க்க

- டைமிங் பெல்ட்
- மரையாணி
- உள் எரி பொறி
- முறுக்குவிசை
- கும்மிடிப்பூண்டி