சந்தோஷமாக வந்த சாவு

1875 ஏப்ரல் 15. பாரிஸ் நகரிலிருந்து ‘செனித்’ என்ற வாயு பலூன் ஒன்று மேலே கிளம்பியது. அதில் மூன்று பேர்: திசாந்தியே, குரோசே-ஸ்பினெல்லி, சிவெல். இவ்வளவு உயரத்தில் வளி எப்படி இருக்கும் எண்டு அளந்து பார்ப்பதுதான் நோக்கம்.

அவர்கள் ஒண்டும் தெரியாமல் போனவர்கள் இல்லை. பிரெஞ்சு உடலியலாளர் போல் பெர்ட், வளியை உறிஞ்சி அமுக்கத்தைக் குறைக்கக்கூடிய இரும்பு அறை ஒன்றை வைத்திருந்தார். குரோசே-ஸ்பினெல்லியும் சிவெலும் முதல் வருடமே அதற்குள் இருந்து பார்த்தவர்கள். அமுக்கம் குறைய மூளை மந்தமாவதும், ஒட்சிசனைச் சுவாசித்தவுடன் தெளிவதும் அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். அதனால் ஒட்சிசன் கலந்த வளியைப் பைகளில் கொண்டுபோனார்கள். “அது காணாது” என்று பெர்ட் எழுதிய கடிதம் நேரத்துக்கு வந்து சேரவில்லை.

பைகளில் இருந்தது கொஞ்சம்தான் என்பதால், உண்மையில் தேவைப்படும்போது பாவிப்போம் என்று வைத்திருந்தார்கள். பிழைத்தது அங்கேதான். 7,000 மீற்றரைத் தாண்டியபோது திசாந்தியேக்கு ஒட்சிசன் குழாயை எடுக்கக் கை எழும்பவில்லை. 8,000 மீற்றர் எண்டு கத்த நினைத்தார், நாக்கு அசையவில்லை. ஆனால் வலி இல்லை, பயமும் இல்லை. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்ததாகப் பிறகு எழுதினார்.

பலூன் இறங்கும்போது ஒருதரம் விழித்த குரோசே-ஸ்பினெல்லி, பாரங்களை வெளியே எறிந்தார். பலூன் திரும்பவும் மேலே போனது. அது தொட்ட உச்சம் கிட்டத்தட்ட 8,600 மீற்றர். திசாந்தியே மறுபடி கண் திறந்தபோது மற்ற இருவரும் இறந்துபோயிருந்தார்கள். அவருக்கும் காது கேட்காமல் போனது.

ஏன் உடம்பு எச்சரிக்கவில்லை? மேலேயும் வளியில் ஒட்சிசனின் பங்கு அதே 21 வீதம்தான். ஆனால் அந்த உயரத்தில் மொத்த அமுக்கம் கடல் மட்டத்தில் இருப்பதின் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே இரத்தத்துக்குள் போகும் ஒட்சிசன் குறைகிறது. எங்களுக்கு மூச்சுத் திணறல் வருவது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு சேர்வதால். மேலே அது வழமைபோல வெளியேறிவிடும். அதனால் திணறலே வராது. ஆபத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய மூளைதான் முதலில் மயங்குகிறது.

ஒட்சிசனின் அமுக்கம் குறைவதுதான் காரணம் என்பதை பெர்ட் 1878இல் வெளியிட்ட பெரிய நூலில் நிறுவினார். இண்டைக்குப் பயணிகள் விமானங்களில் உள் அமுக்கத்தை ஏறக்குறைய 2,400 மீற்றர் உயரத்துக்குச் சமமாக வைத்திருக்கிறார்கள். பிதுருதலாகல உச்சியை விடக் கொஞ்சம் கீழே எண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் ஆபத்து பழங்கதையாகிவிடவில்லை. 2005 ஓகஸ்ட் 14இல் சைப்பிரசிலிருந்து ஏதென்ஸ் போன ஹேலியோஸ் விமானத்தில் அமுக்கக் கட்டுப்பாடு சரியான நிலையில் வைக்கப்படவில்லை. எச்சரிக்கை ஒலி அடித்தது. விமானிகள் அதை வேறு ஏதோ கோளாறு எண்டு நினைத்தார்கள், பிறகு மயங்கினார்கள். 121 பேர் இறந்தார்கள்.

35,000 அடியில் அமுக்கம் போனால் தெளிவாகச் செயற்பட ஒருவருக்குக் கிடைப்பது அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரைதான். “முதலில் உங்கள் முகமூடி, பிறகு பக்கத்திலிருக்கும் பிள்ளைக்கு” என்று பணியாளர்கள் சொல்வதைச் சுயநலம் எண்டு நினைக்காதீங்க. ‘நான் நல்லாத்தான் இருக்கிறன்’ எண்டு தோன்றும் அந்த நேரத்தை நம்ப ஏலாது. செனித் பலூனில் இருவர் செத்துத்தான் அது தெரியவந்தது.