ஆடி 18ம் ஜூலை 31ம் - ஒரு தேதிக் குழப்பம்

ஆகஸ்ட் மாசம் வந்தாலே எங்க ஆபீஸ் சாட்ல "இன்று என்ன நாள்"னு ஒருத்தன் தினமும் போட ஆரம்பிச்சுடுவான். முதல் ஞாயிறு நண்பர்கள் தினம், 13ம் தேதி இடதுகைக்காரர்கள் தினம், 20ம் தேதி உலகக் கொசு தினம். கொசுவுக்கு எதுக்குய்யா தினம்னு சிரிச்சுட்டுத் தேடினா விஷயம் சீரியஸ்தான். 1897 ஆகஸ்ட் 20 அன்னிக்கு ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்துல கொசுவோட வயித்துக்குள்ள மலேரியாக் கிருமியைப் பார்த்தாராம். சரி, கொசு தினத்தைப் பத்திச் சொல்லிட்டதால நானும் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் :)

எங்க ஊர் பரமத்தி வேலூர். எங்களுக்கு இந்த மாதிரி வித்தியாசமான நாளெல்லாம் ஜூலை நடுவுலயே ஆரம்பிச்சுடும். ஆடி 1 அன்னிக்குத் தேங்காய் சுடுற பண்டிகை. தேங்காயோட நாரை உரிச்சு, தரையில உரசி வழவழன்னு ஆக்கி, கண்ணுல ஓட்டை போட்டு, பாதித் தண்ணியை வெளிய எடுத்துட்டு, பொட்டுக்கடலை, எள்ளு, வெல்லம், அவல் எல்லாம் உள்ள போட்டு, அழிஞ்சில் குச்சியில சொருகி நெருப்புல வாட்டணும். ஓடு வெடிச்சு ஒரு வாசனை வரும் பாருங்க... சேலம், நாமக்கல், கரூர், ஈரோடு பக்கத்து ஆளுங்களுக்கு மட்டும்தான் இது புரியும். காலேஜ்ல மதுரைக்காரன்கிட்ட சொன்னப்ப நான் கதை விடறேன்னே நினைச்சான்.

ஏன் சுடறோம்னு அம்மாயிகிட்ட கேட்டா, பாரதப் போர் ஆடி 1ல ஆரம்பிச்சு ஆடி 18ல முடிஞ்சுது, தர்மம் ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டு முதல் நாள் சுட்டது இதுன்னு சொல்லும். முடிஞ்ச நாள்தான் ஆடிப்பெருக்கு. அன்னிக்கு வேலூர் காவிரிக் கரை நிக்க இடமில்லாம இருக்கும். புதுப் பொண்ணுங்க தாலிக்கயிறு மாத்துறது, கல்யாண மாலையை ஆத்துல விடறது, முளைப்பாரி, காதோலை கருகமணி, பரிசல் போட்டி, இருட்டினதும் தண்ணில மிதந்து போற தீபம்.

இதே ஆடி 17, 18ல கொல்லிமலையில வல்வில் ஓரி விழா. ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு வரிசையா துளைச்சவன்னு புறநானூறு பேசுற அதே ஓரி. மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்னு கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான்ங்கறது சங்கப் பாட்டுகள்ல இருக்கு. எந்த நாள்ல செத்தான்னு யாருக்கும் தெரியாது. ஜனம் மலைக்குப் போற நாள் ஆடி 18, அதனால விழாவும் அன்னிக்கு.

மூணாவதா ஒருத்தர் இருக்கார். தீரன் சின்னமலை. இயற்பெயர் தீர்த்தகிரி. மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பிடுங்கி, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவுல இருக்கற சின்னமலை எடுத்துக்கிட்டான்னு போய்ச் சொல்லு"ன்னாராம், பேர் வந்த கதை இது. கம்பெனியை எதிர்த்து ஓடாநிலையில கோட்டை கட்டிச் சண்டை போட்டவரை, கடைசியில சங்ககிரிக் கோட்டையில தூக்குல போட்டாங்க. நம்ம ஊர்ல இருந்து சங்ககிரி ஒண்ணும் ரொம்ப தூரமில்ல. வருஷா வருஷம் ஆடி 18 அன்னிக்கு அவருக்கு அஞ்சலி.

பிரச்சினை இங்கதான். ஆபீஸ் நண்பன் ஒருத்தன் கேட்டான்: "அவரைத் தூக்குல போட்டது 1805 ஜூலை 31னு எல்லா இடத்துலயும் இருக்கு. நீங்க ஆகஸ்ட் 3ல மாலை போடறீங்க. ஓரி மாதிரி இவரையும் கூட்டம் வர்ற நாளாப் பார்த்து மாத்திட்டீங்களா?"

சுருக்குன்னு இருந்துச்சு. பதில் தெரியல. ஓரி விஷயத்துல அவன் சொல்றது சரிதானே, அப்ப இதுவும் அப்படி இருக்கலாமே? ஒரு மனுஷன் உசுரு விட்ட நாளை வசதிக்கு மாத்திட்டமோன்னு ராத்திரி பூரா உறுத்தல். நமக்குத் தெரிஞ்ச ஒரே வேலை பொட்டி தட்டறதுதான். தட்டினேன்.

வாக்கிய பஞ்சாங்கப்படி ஒரு வருஷம் 365 நாள் 6 மணி 12 நிமிஷம் 30 வினாடி. இங்கிலீஷ் காலண்டர் வருஷம் சராசரியா 365 நாள் 5 மணி 49 நிமிஷம் 12 வினாடி. வித்தியாசம் 23 நிமிஷம் சொச்சம். நம்ம வருஷப்பிறப்பு சூரியன் நட்சத்திரங்களுக்கு நடுவுல எங்க நிக்குதுங்கறதை வச்சு, அவங்க வருஷம் பருவத்தை வச்சு. அதான் இடிக்குது. சுமார் 62 வருஷத்துக்கு ஒரு நாள் நம்ம தேதி அந்தக் காலண்டர்ல முன்னாடி நகரும். 1805ல இருந்து 2025 வரைக்கும் 220 வருஷம். மூணரை நாள்!

2025ல ஆடி 18 ஆகஸ்ட் 3. அங்கிருந்து நாள் நாளா பின்னாடி எண்ணிக்கிட்டே போனா 1805ல ஆடி 1 ஜூலை 14ல விழுது. ஆடி 18? ஜூலை 31.

சத்தியமா புல்லரிச்சுடுச்சு. ரெண்டு தேதியும் ஒரே நாள்தான் மக்களே. அவர் அன்னிக்குத்தான் இறந்தார்ங்கறதுக்கு இந்தக் கணக்கு ஆதாரம் ஆகாது, அதை வரலாற்று ஆய்வாளர்கள்தான் சொல்லணும். ஆனா நம்ம ஜனம் கூட்டத்துக்காக நாளை மாத்திடுச்சுன்னு சொல்றதுக்கு இனி இடமில்ல. மாறினது இங்கிலீஷ் தேதிதான்.

அம்மாயிகிட்ட இதைப் பெருமையா ஃபோன்ல சொன்னேன். "ஆடி பதினெட்டு ஆடி பதினெட்டுதான் சாமி, இதுக்கு எதுக்கு ராத்திரி முழிச்சே?"ன்னுடுச்சு. அவ்வ்வ்வ்.

ஆனா நாள் மாறலைன்னாலும் ஆறு மாறிடுச்சு. 1924 ஜூலைல காவிரி பெருவெள்ளம் வந்து பல ஊரை அழிச்சது. அடுத்த வருஷமே மேட்டூர்ல அணை வேலை ஆரம்பிச்சு, 1934 ஆகஸ்ட் 21ல திறந்தாங்க. 120 அடி, 93.47 டிஎம்சி. கவர்னர் ஸ்டான்லி பேரை வச்சாங்க. அதுக்கு முன்னாடி தென்மேற்குப் பருவமழை பெஞ்சா ஆடியில ஆறு தானா பெருகும். இப்ப மேட்டூர்ல மதகு திறந்தாத்தான் பெருக்கு. 2017ல குறைஞ்ச தண்ணி, அணையைப் பாசனத்துக்குத் திறந்ததே அக்டோபர் 2. அந்த ஆடி 18ல கணுக்கால் அளவு தண்ணியைச் சொம்புல மோந்து மோந்து தலையில ஊத்திக்கிட்டோம். 2020ல கொரோனா, ஆத்துக்கே போகக்கூடாது. 2022லயும் 2024லயும் தலைகீழ், ஒரு லட்சம் கனஅடிக்கு மேல வெள்ளம், குளிக்கத் தடை.

2024ல அம்மாயி என்ன பண்ணுச்சு தெரியுமா? வாசல்ல சொம்புல குழாத் தண்ணி வச்சு, மஞ்சக்கயிறும் பூவும் வச்சு, ஆறு இருக்கற திசையைப் பார்த்துக் கும்பிட்டுச்சு. அந்தக் குழாய்ல வர்றதும் காவிரிதானேன்னு கேட்டுச்சு. என்கிட்ட மறுபடியும் பதில் இல்ல.

உங்க ஊர்ல ஆடி 18 எப்படி? தேங்காய் சுட்டவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க, அந்த மதுரைக்காரனுக்குக் காட்டணும்.

டிஸ்கி: கணக்குல பிழை இருந்தா பஞ்சாங்கம் தெரிஞ்சவங்க தாராளமா குட்டலாம். அம்மாயிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க :)