முதலெழுத்தில் ஒளிந்த வகை

ஐபிஎம் 704 கணினிக்காக ஜான் பேக்கஸ் குழுவினர் உருவாக்கிய ஃபோர்ட்ரான் மொழி 1957-இல் வெளிவந்தது. ஒரு மாறி எந்த வகை எண்ணைத் தாங்கும் என்பதை அதில் பெயரின் முதலெழுத்தே தீர்மானித்தது. ஐ, ஜே, கே, எல், எம், என் ஆகிய ஆறு ஆங்கில எழுத்துகளில் ஒன்றில் தொடங்கினால் அது முழு எண்; மற்றவை தசமப் புள்ளி கொண்ட எண்கள். வரிசை எண்ணுக்கு ஐ, ஜே, என் என்று எழுதியே பழகிய கணிதக்காரர்களுக்கு இது இயல்பாகப் பட்டது. வகையைத் தனியாக அறிவிக்கும் வேலையும் மிச்சம்.

இந்த வசதியே சில சமயம் காலை வாரியது. நிறையைக் குறிக்க ‘மாஸ்’ என்று பெயரிட்டால் முதலெழுத்து எம், அதில் 2.75-ஐப் போட்டால் 2 மட்டுமே தங்கும். அதனால் முன்னால் ஓர் ஏ அல்லது எக்ஸ் ஒட்டி, ‘எக்ஸ்மாஸ்’ என்று எழுதுவது வழக்கமாயிற்று. துளை அட்டையில் பெயரின் இரண்டு எழுத்துகள் இடம் மாறினாலோ இன்னும் மோசம்: கம்பைலர் முறையிடாமல் புதிய மாறி ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும், விடை மட்டும் தப்பாக வரும். முதலெழுத்து விதியை அடியோடு அணைக்கும் கட்டளை ஃபோர்ட்ரான் 90-இல்தான் தரத்தில் இடம்பெற்றது.

ஃபோர்ட்ரானுக்கு மாறாக, பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் எழுதிய பி மொழி வகை என்பதையே வைத்துக்கொள்ளவில்லை. பிடிபி-11 கணினியில் எழுத்துக்கு ஒரு பைட், எண்ணுக்கு இரண்டு பைட் என்றானபோது டென்னிஸ் ரிட்சி வகைகளைச் சேர்த்தார். அதுவே சி மொழியாக வளர்ந்தது.

கம்பைலர் வகையைக் கவனித்துக்கொள்ளத் தொடங்கிய பிறகும் பெயரில் அதை எழுதும் பழக்கம் திரும்பி வந்ததுதான் வேடிக்கை. ஹங்கேரியில் பிறந்த சார்லஸ் சிமோன்யி 1981-இல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்து, ‘ஹங்கேரியக் குறியீடு’ எனப்பட்ட முறையை அங்கே பரப்பினார். மாறியின் பெயருக்கு முன்னொட்டாக அவர் காட்ட நினைத்தது அதன் பயன்பாட்டை. அட்டவணையின் வரிசை எண்ணும் பத்தி எண்ணும் கம்பைலருக்கு வெறும் முழு எண்கள். ஒன்றோடொன்று கூட்டினால் அது தடுக்காது, முன்னொட்டைப் பார்க்கும் கண் தடுக்கும். விண்டோஸ் நிரல்களிலோ முன்னொட்டு நினைவக அளவைச் சொல்லும் அடையாளமாகச் சுருங்கிப்போனது. ‘டபிள்யூபாரம்’ என்ற பெயரின் டபிள்யூ 16 பிட் அளவைக் குறித்தது. பின்னால் அந்த மாறி 32 பிட்டாகி, 64 பிட்டும் ஆனது. எண்ணற்ற நிரல்களில் புகுந்துவிட்ட பெயரை மாற்ற முடியவில்லை. டாட்நெட்டுக்கான வழிகாட்டு விதிகளில் மைக்ரோசாஃப்டே இம்முறையைத் தவிர்க்கச் சொன்னது. மாறியின் மேல் சுட்டியை வைத்தாலே வகையைக் காட்டும் எடிட்டர்கள் அதற்குள் புழக்கத்துக்கு வந்திருந்தன.