யப்பானியப் பெருவழியும் வழிப்போக்கரின் உணவும்



யப்பானிய ஓவியர் ஹிரோசிகே 1833ஆம் ஆண்டளவில் வெளியிடத் தொடங்கிய மர அச்சுப் படங்களுள் ஒன்றை முதலில் உங்கள் மனக்கண்முன் நிறுத்த விரும்புகின்றேன். மலையடிவாரத்திலே கூரை வேய்ந்த ஒரு சிறு கடை. அருகே பூத்து நிற்கும் ஒரு மரம். கடையின் முன்புறத்தில் இரண்டு வழிப்போக்கர் அமர்ந்து உண்கின்றனர். முதுகிலே குழந்தையைக் கட்டிக்கொண்ட பெண்ணொருத்தி அவர்களுக்குப் பரிமாறுகின்றாள். கடையின் விளம்பரப் பலகையிலே, 'புகழ்பெற்ற கிழங்குக் குழம்பு' என்னும் பொருள்பட எழுத்துக்கள் வரையப்பட்டுள்ளன.

அந்தப் 'புகழ்பெற்ற' என்ற சொல்லே இன்றைய பேச்சுக்கு வித்து. உண்போரைப் பாருங்கள். பல்லக்கில் வந்த பிரபுக்களல்லர். காலால் நடந்து வந்தவர்கள். உணவோ கிழங்கும் வாற்கோதுமைச் சோறும். இத்துணை எளிய உணவுக்குப் பெயரும் புகழும் எவ்வாறு வந்தன? யப்பானுக்குச் செல்லும் இன்றைய பிரயாணிகள், சிறிய கடையொன்றிலே குறைந்த விலைக்கு உண்ட உணவைப் பெரிய விடுதி விருந்துக்கு மேலாகப் புகழ்வதை நாம் கேட்கின்றோம். அது நேற்று முளைத்த வழக்கமன்று. அதன் வேர் அந்தப் பழைய பெருவழியிலே இருக்கின்றது.

அவ்வழியின் பெயர் தோக்காய்தோ. எடோ என்று அந்நாளில் வழங்கிய தோக்கியோ நகரையும் கியோத்தோ நகரையும் இணைத்த பாதை அது. தொக்குகாவா இயேயசு 1601ஆம் ஆண்டு முதல் அதனை ஒழுங்கு செய்தார். ஏறக்குறைய 490 கிலோமீற்றர் நீளம். இடையிலே 53 தங்கு நிலையங்கள். நடந்து சென்றால் இரண்டு வாரம் பிடிக்கும். 1635ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குறுநில மன்னர்கள் குறித்த முறையிலே எடோவுக்கு வந்து தங்க வேண்டியிருந்தது. அவர்களுக்கும் அவர்தம் பரிவாரத்துக்கும் தனி மாளிகைகள் இருந்தன. சாதாரண மக்களுக்குச் சத்திரங்கள். அதற்கும் வசதியற்றவர்களுக்கு வேறொரு வகை விடுதி உண்டு. அங்கே விறகுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு, தான் கொண்டுவந்த அரிசியைத் தானே பொங்கிக்கொள்ள வேண்டும். அவ்விடுதியின் பெயரே 'விறகுக்கூலி விடுதி' என்பதுதான்.

வழியை நிரப்பியவர்கள் மன்னர்களல்லர், யாத்திரிகர்களே. ஈசே என்னும் ஊரிலுள்ள பெருங்கோயிலுக்கு உழவரும் கைவினைஞரும் வேலைக்காரரும் நடந்தனர். 1705, 1771, 1830ஆம் ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் சில மாதங்களுக்குள்ளேயே திரண்டு சென்றார்கள். இவர்களுடைய மடியிலே காசு சொற்பம். ஆனால் ஊர் திரும்பியதும் சொல்வதற்குக் கதை வேண்டும். 'குவானா ஊரில் சுட்ட மட்டி உண்டேன், அபே ஆற்றங்கரையில் அரிசிமா உருண்டை உண்டேன்' என்று சொல்லாவிடில் யாத்திரை முழுமை பெறாது. ஆகவே ஒவ்வொரு நிலையமும் தனக்கென்று ஓர் உணவைப் பிடித்துக்கொண்டது. ஒரே பண்டத்தைத் தலைமுறை தலைமுறையாகச் செய்பவர், அதனைக் குறைந்த செலவில் நன்றாகச் செய்யக் கற்றுக்கொள்வது இயல்பு. அடுத்த நிலையத்தில் வேறொரு பண்டம் காத்திருக்கும்போது, விலையை ஏற்றினால் வழிப்போக்கன் நடையைக் கட்டிவிடுவான்.

ஹிரோசிகே வரைந்தது மரிக்கோ என்னும் இருபதாவது நிலையம். அங்குள்ள சோஜியா என்ற கடை தன் தொடக்கத்தை 1596ஆம் ஆண்டு எனக் கணக்கிடுகின்றது. நமது இராசவள்ளிக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த காட்டுக் கிழங்கொன்றை வரிப்பள்ளமிட்ட மண்சட்டியிலே தேய்த்து, மரக்குழவியால் மசித்து, சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்த மீசோச் சாற்றுடன் கலந்து, வாற்கோதுமைச் சோற்றின்மேல் ஊற்றுவார்கள். வழுவழுப்பான உணவு, மெல்லும் வேலை குறைவு, மலைக் கணவாய் ஏறப் போகிறவனுக்கு ஏற்றது. கவிஞர் பாசோ 1691இல் எடோவுக்குப் புறப்பட்ட சீடர் ஒருவரை வழியனுப்பியபோது, மரிக்கோவின் குழம்பைத் தம் சிறு கவிதையிலே பெயர் சொல்லிக் குறித்தார்.

இதைவிடச் சுவையான சான்று ஜிப்பென்சா இக்குவின் நகைச்சுவை நூலிலே இருக்கின்றது. 1802 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த அந்நூலின் நாயகர்களாகிய யாஜி, கிதா என்னும் இரண்டு வாயாடிகள் மரிக்கோவுக்கு வந்து கிழங்குக் குழம்பு கேட்கின்றனர். கடைக்காரனுக்கும் மனைவிக்கும் அந்நேரம் பார்த்துச் சண்டை மூளுகின்றது. குழம்பு தரையெங்கும் சிந்துகின்றது. கணவன் வழுக்கி விழுகின்றான், மனைவி விழுகின்றாள், சமாதானம் செய்ய ஓடிவந்த அயல்வீட்டுப் பெண்ணும் விழுகின்றாள். நம் நண்பர்கள் இருவரும் பட்டினியாகவே அடுத்த ஊருக்கு நடக்கின்றனர். படித்தவர் யாவருக்கும் மரிக்கோவின் குழம்பு முன்பே தெரிந்திருந்தாலன்றி இந்த வேடிக்கை எடுபட்டிராது. ஏழையின் உணவு நாடறிந்த பொருளாயிருந்தது என்பதற்கு இதனினும் மேலான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

வழியின் முடிவிலே எடோ நகரம். 1657ஆம் ஆண்டு பெருந்தீயிலே அந்நகரின் பெரும்பகுதி அழிந்தது. மீண்டும் கட்டுவதற்கு வந்து குவிந்த தச்சரும் கூலியாட்களும் எங்கே உண்பது? அசகுசாக் கோயிலின் முன்னே, தேநீரிலே வேகவைத்த சோற்றை விற்கும் கடைகள் எழுந்தன. யப்பானின் போசனசாலைகளுக்கு அவையே முன்னோடி என்பர். பின்னர் 'சோபா' என்னும் நூலுணவு வந்தது. ஒரு கிண்ணம் பதினாறு மொன் என்னும் விலை நெடுங்காலம் நிலைத்து நின்றது. 1860ஆம் ஆண்டிலே எடோவில் 3,763 நூலுணவுக் கடைகள் இருந்ததாக அக்காலக் குறிப்பொன்று கூறுகின்றது. இரவிலே தோளில் சுமந்து விற்றவர்கள் அக்கணக்கில் சேரவில்லை. இன்று பொன் விலைக்கு விற்கப்படும் சூசியும் 1820களில் தெருவோரத்திலே நின்றபடி இரண்டு வாயிலே உண்ணப்பட்ட பண்டந்தான்.

கடைகள் மலிந்ததும் எது நல்லது என்ற கேள்வியும் எழுந்தது. எடோ மக்கள் இதற்குக் கண்ட வழி வேடிக்கையானது. மல்யுத்த வீரர்களைக் கிழக்கணி, மேற்கணி என்று பிரித்து வரிசைப்படுத்தும் ஒற்றைத்தாள் அட்டவணை அவர்களிடம் இருந்தது. அதே அச்சிலே உணவுக்கடைகளையும் வரிசைப்படுத்தி விற்றார்கள். அவற்றுள் யாவோசென் போன்ற செல்வர் கடைகளும் உண்டு. அங்கே ஒருவர் சோறும் தேநீரும் கேட்டு அரைநாள் காத்திருந்ததாகவும், தேநீருக்குத் தமா ஆற்றின் தண்ணீரை ஆள் விட்டு எடுப்பித்ததால் ஒன்றரைப் பொற்காசு கேட்டதாகவும் கதையுண்டு. ஆனால் என் மனத்தைக் கவர்ந்தது, அன்றாடச் சிக்கன உணவுகளுக்கென்றே வெளியான மற்றோர் அட்டவணை. அதிலே சைவ அணியின் முதல்வன் 'எட்டுக் கிண்ணத் தோபு'. மீன் அணியின் முதல்வன், கண் வழியே ஈர்க்குக் கோத்து உலர்த்திய சாளைக் கருவாடு! அரண்மனைச் சமையலுக்கு அங்கே இடமில்லை. மலிவான உணவுக்கும் தரவரிசை உண்டு, அதிலும் வெல்பவன் தோற்பவன் உண்டு என்ற எண்ணம் அந்தத் தாளிலே எழுதி வைக்கப்பட்டுள்ளது.

1889இல் தோக்கியோவிலிருந்து கோபே வரை புகையிரதப் பாதை முற்றுப்பெற்றது. இரண்டு வார நடை ஒரு நாள் பயணமாயிற்று. மரிக்கோவை அப்பாதை தொடவேயில்லை. மலையை விலக்கிக் கடற்கரையோரமாய்ச் சென்றது. வழிக்கடைகள் பல மறைந்தன. எனினும் பழக்கம் வண்டியேறிக்கொண்டது. 1885இல் உத்சுனோமியா நிலையத்திலே இரண்டு சோற்றுருண்டைகளையும் முள்ளங்கி ஊறுகாயையும் மூங்கில் மடலிலே பொதிந்து விற்றதே நிலையப் பொதிச்சோற்றின் தொடக்கம் எனப் பொதுவாகச் சொல்லப்படுகின்றது. பிறகு ஒவ்வொரு நிலையமும், முன்னாளில் தங்கு நிலையங்கள் செய்தது போலவே, தன் ஊர்ப் பண்டத்தைப் பொதியில் வைக்கத் தொடங்கியது. 1932இல் இவசாக்கி தக்கிசோ என்பவர் ஒசாக்காவிலே மெழுகினால் உணவு உருவங்கள் செய்து கடைகளுக்கு வழங்கும் தொழிலைத் தொடங்கினார். கண்ணாடிப் பெட்டியிலே உருவமும் அருகே விலையும். உள்ளே போனபின் என்ன கேட்பார்களோ என்ற அச்சம் ஏழைப் பிரயாணிக்கு நீங்கியது. இதனைச் சிறிய உதவி என்று நான் கருதவில்லை.

இம்மரபு அறுந்துபோக இருந்த காலமும் ஒன்றுண்டு. போர்க்காலத்தில் 1941 முதல் பெருநகரங்களிலே அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. வெளியே உண்பதற்கும் சீட்டு வேண்டியிருந்தது. போர் முடிந்தும் பஞ்சம் தீரவில்லை. 1947 யூலையில் அரசாங்கம் உணவுக்கடைகளைப் பெரும்பாலும் மூடிவிட ஆணையிட்டது. அப்போது தோக்கியோவின் சூசிக் கடைக்காரர்கள் ஒரு நுட்பமான வாதத்தை எடுத்துரைத்தனர். 'நாங்கள் உணவு விற்கவில்லை. வாடிக்கைக்காரர் கொண்டுவரும் அரிசியைப் பதப்படுத்திக் கொடுக்கிறோம். அதற்குக் கூலி பெறுகிறோம்' என்றனர். வாதம் ஏற்கப்பட்டது. ஒரு கோ, அதாவது ஏறத்தாழ 150 கிராம் அரிசி கொடுத்தால் பத்துத் துண்டு சூசி. பையிலே ஒரு பிடி அரிசியை முடிந்துகொண்டு கடைக்குப் போன அந்த மனிதரை எண்ணிப் பாருங்கள். பழைய விறகுக்கூலி விடுதியே வேறு உருவில் திரும்பி வந்ததாக எனக்குத் தோன்றுகின்றது.

1958இல் சிராயிசி யோசியாக்கி என்பவர் ஒசாக்காவை அடுத்த ஊரொன்றிலே, மதுபான ஆலையில் போத்தல்கள் நகர்ந்து வரும் பட்டையைக் கண்ட நினைவில், சூசித் தட்டுகள் தாமே நகர்ந்து வரும் கடையைத் திறந்தார். பரிமாறும் ஆள் குறைந்தது; விலையும் இறங்கியது.

இறுதியாகப் புகழின் கதைக்கு வருகின்றேன். 2007 நவம்பரில் பிரான்சிய நிறுவனமாகிய மிச்சலின், தோக்கியோவுக்கான தன் முதலாவது கையேட்டை வெளியிட்டது. 2015 டிசெம்பரில் சுகமோ என்னும் பகுதியிலிருந்த சுதா என்ற ராமென் கடைக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. ராமென் கடையொன்று அச்சிறப்பைப் பெற்றது அதுவே முதன்முறை. இருந்தவை ஒன்பது இருக்கைகள்; ஒரு கிண்ணத்தின் விலை ஏறக்குறைய ஆயிரம் யென். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். விடியற்காலையிலே வந்து ஆயிரம் யென் முற்பணம் கட்டிச் சீட்டுப் பெற்று, குறித்த நேரத்தில் திரும்பி வரவேண்டியதாயிற்று. 2019இல் கடை வேறிடத்துக்கு மாறியது.

இங்கேதான் எனக்கு ஒரு கவலை. பழைய அட்டவணையை வாங்கியவனும் கடையிலே உண்டவனும் ஒரே தெருவில் வாழ்ந்தார்கள். இன்று புகழைக் கொடுப்பவர் கடல் கடந்து வருகின்றார். அயற்றெருவின் தொழிலாளிக்கோ வேலைக்கு இடையில் கிடைப்பது அரைமணி நேரம். வரிசை நீண்டால் முதலில் விலகிப் போகின்றவர் அவரே. கோதுமையும் இறைச்சியும் எரிபொருளும் விலை ஏறிய பின்னும், ராமென் கிண்ணம் ஆயிரம் யென்னைத் தாண்டினால் வாடிக்கைக்காரர் வரமாட்டார் என்ற அச்சம் கடைக்காரரிடையே உண்டு. அதனை 'ஆயிரம் யென் சுவர்' என்றே அழைக்கின்றனர். பதினாறு மொன் விலையைக் காத்த எடோக் கடைக்காரரின் நெருக்கடியும் இதனை ஒத்ததே.

மரிக்கோவிலே சோஜியா இன்றும் நடைபெறுகின்றது. சிசுவோக்கா நகரிலிருந்து பேருந்திலே செல்லலாம். கூரை வேய்ந்த வீடு. பாயிலே அமர்ந்துண்ணும் கூடம். சுவரிலே ஹிரோசிகேயின் படங்கள். வாற்கோதுமைச் சோறு ஒரு மரப்பாத்திரத்தில் வரும், கிழங்குக் குழம்பு வேறொரு பாத்திரத்தில் வரும். வேண்டிய அளவு தாமே ஊற்றி, கிண்ணத்தை வாயருகே தூக்கி உண்ண வேண்டும்.